முப்பத்தெட்டு பேரின் அளவுகள்

அக்காவின் போன் துணி வெட்டும் மேசையிலிருந்து குப்புற விழுந்தது புதன்கிழமை காலை. அடுத்த அறையில் தலை வாரிக்கொண்டிருந்த தங்கைக்குத்தான் சத்தம் முதலில் கேட்டது. "என்னக்கா, என்ன விழுந்துச்சு?" என்றாள். அக்கா ஓடிவந்து போனை அவள் கையில் திணித்தாள்.

அக்கா தையற்காரி. தங்கை ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டர். தெருவிலும் அவளுக்கு அதுதான் பெயர். பிறவியிலேயே பார்வை இல்லாதவள். இருநூற்றுப் பதினாறு எக்ஸ்டென்ஷன் நம்பர்களும் அவளுக்கு மனப்பாடம். ஒரு டாக்டர் தும்மினால்கூட எந்த வார்டு என்று சொல்லிவிடுவாள் என்று அங்கே ஒரு பேச்சு உண்டு.

போன் சாகவில்லை. கூப்பிட்டால் மணி அடித்தது. திரை மட்டும் கரிச்சட்டியின் அடிபோல இருண்டு கிடந்தது. அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. புதிதாகத் திறக்கப்போகும் ஒரு ஹோட்டலில் முப்பத்தெட்டு பேருக்குச் சீருடை தைக்க ஒப்புக்கொண்டிருந்தாள். இரண்டு நாள் அங்கேயே நின்று ஒவ்வொருவரையும் அளந்து, ஒரு கையில் டேப்பும் மறுகையில் போனுமாகக் குறித்து வந்திருந்தாள். தோள், மார்பு, இடுப்பு, கை நீளம், எல்லாம் அதற்குள்ளே. அளவு கொடுத்தவர்கள் பயிற்சிக்காக வெளியூர் போயாயிற்று. அடுத்த வாரம் திறப்பு நாளன்று காலையில்தான் வந்து இறங்குவார்கள்.

"நோட்டுல ஒரு வரி எழுதி வச்சிருக்கலாம்ல?" என்றாள் ஆபரேட்டர்.

"நீதானடி சொன்னே, நோட்டெல்லாம் எதுக்கு, எல்லாத்தையும் போன்ல ஏத்திக்கோன்னு."

ஆபரேட்டர் தன் வெள்ளைக் கோலை எடுத்துக்கொண்டாள். அன்று அவளுக்கு மதிய ஷிப்ட். செருப்பை மாட்டிக்கொண்டு, "நட, கடைக்குப் போவோம்" என்றாள்.

போன் கடை மார்க்கெட் மூலையில் இருந்தது. முன்பக்கம் விற்பனை, பின்னால் ஒரு மேசையில் ரிப்பேர்காரர். கடைக்காரர் அக்காவை வரவேற்றார். கூட வந்தவளின் கையிலிருந்த வெள்ளைக் கோலைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார்.

"அவங்கள அந்த ஓரமா உக்கார வைங்கம்மா. அவங்களுக்கும் ஏதாவது பாக்கணுமா? பட்டன் போன் காட்டவா?"

"அவங்களையே கேளுங்களேன்," என்றாள் அக்கா.

கடைக்காரர் கேட்கவில்லை. ஆபரேட்டருக்கு இது புதிதல்ல. ஸ்டூலில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டாள்.

ரிப்பேர்காரர் போனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஐம்பது வயது இருக்கும், அவசரப்படாத மனிதர். "டிஸ்ப்ளே போச்சும்மா. பழைய மாடல். பார்ட்ஸ் வரவழைக்கப் பத்துப் பதினஞ்சு நாள் ஆகும்."

"உள்ள இருக்கறத மட்டுமாவது எடுத்துக் குடுங்களேன்."

"பேக்கப் வச்சிருக்கீங்களா?"

"அப்படின்னா?"

"உள்ள இருக்கறதோட நகல வேற எங்கயாவது வைக்கிறது." ரிப்பேர்காரர் பெருமூச்சு விட்டார். "புதுப் போனுக்கு எடுக்கணும்னா பழசத் திறக்கணும். 'அனுமதி'ன்னு கேக்கும், அத அமுக்கணும். எங்க என்ன இருக்குன்னே தெரியாம எங்கம்மா அமுக்கறது? கண்ணக் கட்டிக் காட்டுல விட்ட மாதிரி ஆயிரும். புதுசு வாங்கிக்குங்க. பழசுல உள்ளத மறந்துருங்க."

அக்கா மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. ஊசி நகத்தில் ஏறியபோதுகூட அழாதவள் அக்கா.

"டச் வேலை செய்யுதா?" என்று ஸ்டூலிலிருந்து கேட்டாள் ஆபரேட்டர்.

"என்னம்மா?" என்றார் ரிப்பேர்காரர்.

"தொட்டா உணருதான்னு கேட்டேன். கீழ விழுந்ததுக்கு அப்புறம் அடிச்ச அலாரத்த அக்கா தடவித்தான் நிறுத்துனா. அப்ப செய்யுது. இங்க குடுங்க அத."

போன் கைமாறியது. ஆபரேட்டர் அதன் விளிம்பைத் தடவி, சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் உள்ள இரண்டு பட்டன்களையும் சேர்த்து அமுக்கிப் பிடித்தாள். இரண்டு மாதத்துக்கு முன் ஒரு பயணத்தில் அவள் போன் மக்கர் பண்ணியபோது, அக்காவின் போனில்தான் ஒருநாள் முழுக்கக் காலம் தள்ளினாள். அதற்காகத் திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் குரலை, அந்த இரண்டு பட்டன்களையும் பிடித்தால் எழும்படி, அதிலே போட்டு வைத்திருந்தாள். அது இன்னும் இருக்குமா, அக்கா எதையாவது நோண்டி எடுத்திருப்பாளா என்பது அவளுக்குத் தெரியாது.

மூன்று விநாடி. போன் அதிர்ந்தது. அதன் உள்ளிருந்து ஒரு பெண்குரல் கடகடவென்று எதையோ கொட்டியது.

"அது என்ன பாஷை?" என்றார் கடைக்காரர்.

"நாம பேசற பாஷைதான். கொஞ்சம் அவசரமாப் பேசுது." போனைக் காதோடு வைத்துக்கொண்டாள். "பூட்டியிருக்கு, ஏழு மெசேஜ் வந்திருக்கு, சார்ஜ் நாப்பத்தொண்ணு. அக்கா, பின் நம்பர் சொல்லு."

அக்கா தயங்கினாள். "எல்லாருக்கும் கேக்குமேடி."

"காதுல சொல்லு."

அக்கா குனிந்து காதோரம் முணுமுணுத்தாள். ஆபரேட்டர் முகத்தைச் சுளித்தாள். "ஆறும் ஒண்ணா? இதுக்கா இவ்வளவு ரகசியம்?"

ரிப்பேர்காரர் தன் நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

ஆபரேட்டர் இரண்டு விரலால் திரையை மேலே தள்ளினாள்; ஒரு விரலால் தேடினாள். ஒன்று என்று குரல் சொன்ன இடத்தில் இரண்டு தட்டு. அதையே ஆறு முறை. க்ளிக். போன் திறந்துகொண்டது. விளக்கு ஒரு பொட்டுக்கூட எரியவில்லை. ஆனால் அவளுக்கு அந்தப் போனின் ஒவ்வொரு மூலையும் சொந்த வீட்டின் அறைபோலத் தெரிந்தது.

"இப்ப புதுப் போன எடுங்க சார். கடைல கூட்டம் வர்றதுக்குள்ள முடிச்சிருவோம்."

கடைக்காரர் இந்த முறை பெட்டியை அவள் பக்கமாகவே நகர்த்தினார். அக்கா புதுப் போனைத் திறந்தாள். அது கைரேகை கேட்டது. ஊசியிலும் கத்திரிக்கோலிலும் தேய்ந்துபோன வலதுகை விரல்கள் எதையும் அது மதிக்கவில்லை. கடைசியில் இடதுகை மோதிர விரலுக்கு மசிந்தது. பிறகு அதன் திரையில் கட்டம் கட்டமான ஒரு கியூஆர் சதுரம் வந்தது; பழைய போனின் கேமராவால் அதைப் படிக்க வேண்டும்.

"இங்கதான் மாட்டும்," என்றார் ரிப்பேர்காரர். "சதுரத்துக்கு நேரா கேமரா இருக்கான்னு பழைய போன்ல பாக்க முடியாதே."

"நான் எந்தப் போன்ல சார் பாத்தேன்?" என்றாள் ஆபரேட்டர்.

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காலையிலிருந்து முதல் சிரிப்பு.

வீட்டுக்கு வரும் கடிதம், மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் ஆபரேட்டர் இப்படித்தான் போன் கேமராவால் படிக்க வைப்பாள். பழைய போனின் கேமராவைக் குரலின் துணையால் திறந்துவிட்டு, புதுப் போனை மேசையில் படுக்க வைத்தாள். பழையதை அதன்மேல் வைத்து, கேமராவின் மேட்டை விரலால் தேடி நடுவுக்குக் கொண்டுவந்தாள். "மேல டியூப் லைட் எரியுதா? அணைங்க, கண்ணாடில பட்டுத் தெறிக்கும்." அணைத்தார்கள். பழைய போனை ஆடாமல் அசையாமல் நேர்மேலே தூக்கினாள். நாலு விரற்கடை. ஒன்றும் இல்லை. அரைச் சாண். ஒன்றும் இல்லை. ஒரு சாண் உயரத்தில் கையில் ஒரு சிறு அதிர்வு.

"பிடிச்சிருச்சு," என்றாள்.

அனுமதி கேட்டது, கொடுத்தாள். மறுபடியும் பின் கேட்டது. ஆறு ஒன்று போட்டாள். பெயர்களும் படங்களும் செய்திகளும் ஒரு போனிலிருந்து இன்னொன்றுக்கு நடக்க ஆரம்பித்தன. அக்கா வாய்விட்டுப் படித்தாள்: பத்து சதவீதம், இருபத்தாறு, ஐம்பது. கடைக்காரர் டீ வரவழைத்தார். சிம்மை மாற்றினார்கள். நூறு ஆயிற்று.

அக்கா ஆவலோடு குறிப்பைத் திறந்தாள். அப்புறம் அவள் குரலே மாறிவிட்டது. "காலியா இருக்குடி."

எல்லாம் வந்திருந்தது. வேண்டியது மட்டும் வரவில்லை.

"அந்தக் குறிப்பு ஆப் பழைய கம்பெனியோட சொந்த ஆப்," என்றார் ரிப்பேர்காரர், வருத்தமாகவே. "வேற கம்பெனி போனுக்குத் தானா வராது."

"தானா வரலேன்னா நாம கூட்டிட்டு வருவோம்." ஆபரேட்டர் பழைய போனை மறுபடி காதோடு வைத்தாள். விரல் வழுக்கி வழுக்கி ஓடியது. குறிப்பு, திற, எல்லாவற்றையும் தேர்ந்தெடு, பகிர், புளூடூத். குரல் புதுப் போனின் பெயரைச் சொன்னதும் இரண்டு தட்டு. "அக்கா, உன்னோடதுல ஏதாவது கேக்குதா பாரு."

"வாங்கிக்கவான்னு கேக்குது."

"வாங்கிக்கோ."

அக்கா திரையைத் தட்டினாள். அப்புறம் அக்கா மெதுவாகப் படித்தாள். "வாசல் காவலாளி. தோள் பத்தொம்பது. மார்பு நாப்பத்திரண்டு..." அதற்குமேல் படிக்காமல் அழ ஆரம்பித்தாள்.

"அழுறத வீட்ல வச்சுக்கலாம். எண்ணிப் பாத்துரணும்," என்றாள் ஆபரேட்டர். பழைய போனின் குரல் குதிரை வேகத்தில் ஓட, அதைக் காதில் வாங்கி, ஆஸ்பத்திரியில் பேசும் தெளிவான குரலில் ஒவ்வொரு ஆளாகச் சொல்லிக்கொண்டே போனாள். அக்கா புதுத் திரையில் விரல் வைத்துத் தொடர்ந்தாள். நடுவில் போன் வாங்க வந்த இரண்டு பேர் வாங்குவதை மறந்து நின்றார்கள். முப்பத்தெட்டாவது ஆள், பாத்திரம் கழுவுபவர், இடுப்பு முப்பது. சரியாக இருந்தது. ஒரு எண்கூடப் பிசகவில்லை.

ரிப்பேர்காரர் எழுந்து நின்றார். "இருபத்திரண்டு வருஷமா இந்த வேலை பாக்கறேன்மா. திரை போச்சுன்னா எல்லாம் போச்சுன்னுதான் சொல்லிட்டு இருந்தேன்." இழுப்பறையைத் திறந்து ஒரு போனை எடுத்து அவள் கையில் வைத்தார். "இது ஒரு பள்ளிக்கூட வாத்தியாரோடது. குழந்தை பிறந்ததுலேர்ந்து எடுத்த போட்டோ எல்லாம் இதுலதான். முடியாதுன்னு சொல்லி அனுப்பிட்டேன். பாக்கறீங்களா?"

ஆபரேட்டர் திரையைத் தடவினாள். அது மெல்லிய டிக் சத்தம் கொடுத்தது. "இதுல நான் எதையும் போட்டு வைக்கல. அதனால உறுதியாச் சொல்ல முடியாது. ஆனா உயிர் இருக்கு. அவர நாளைக்கு பன்னெண்டு மணிக்கு வரச் சொல்லுங்க, பின் நம்பரோட. நானும் வரேன்."

கடைக்காரர் கதவு வரை வந்தார். "மேடம், உங்களுக்குப் போன் மாத்தணும்னா இங்கதான் வரணும்," என்றார், அவள் முகத்தைப் பார்த்தே. "பட்டன் போன் இருக்குல்ல?" என்றாள் ஆபரேட்டர். அவர் அசடு வழியச் சிரித்தார்.

மறுநாள் வாத்தியார் வந்தார். அவர் போனைப் பேச வைக்க முக்கால் மணி நேரம் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது, ஆனால் பேசியது. படங்கள் புதுப் போனுக்கு வந்து இறங்கியபோது வாத்தியார் ஒவ்வொன்றையும் அவளுக்கு விவரித்துக்கொண்டே இருந்தார். ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று அவள்தான் சொல்லி எழுந்தாள்.

ஹோட்டல் திறப்பு நாளன்று காலை முப்பத்தெட்டு பேரும் வந்து இறங்கி, பெயர் குத்திய உடைகளை மாட்டிக்கொண்டார்கள். முப்பத்தேழு பேருக்கு அச்சில் வார்த்த மாதிரி பொருந்தியது. சமையல்காரர் ஒருவருக்கு மட்டும் இடுப்பு ஏறவில்லை.

அக்கா போனை எடுத்துத் தங்கையைக் கூப்பிட்டாள். "அளவு தப்பாயிருச்சோடி?"

"அளவு தப்பில்ல. பயிற்சியில நல்லாச் சாப்பிட்டிருக்கார்," என்றாள் ஆபரேட்டர். "தையலப் பிரிச்சு விடு."