திட்டுப் போடத் தெரியாத கை

என் வீட்டு கேட்டில் ஒரு பித்தளைப் பலகை இருக்கிறது. 'கலர் மாஸ்டர் பக்தவச்சலம்' என்று பொறித்திருக்கும். சும்மா வந்த பட்டம் இல்லை. ஆம்பூர் டேனரியில் முப்பத்தெட்டு வருடம் தோலுக்கு நிறம் கலந்து அடித்தவன் நான். என் கை நிறம் ஏறிய ஷூக்களை வரிசையாக வைத்தால் அதன்மேல் நடந்து நிலாவுக்குப் போகலாம், திரும்பி வந்து வாணியம்பாடி பஸ் ஸ்டாண்டில் டீயும் குடிக்கலாம். கறுப்பில் மட்டும் எனக்கு நானூறு வகை தெரியும்.

அந்தப் பலகைக்கு ஆபத்து ஹேமலதாவின் துப்பாக்கி வழியாக வந்தது.

ஹேமலதா என் நண்பர் பஞ்சாட்சரத்தின் மகள். ஷூ கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை. திட்டோ கீறலோ தெரிந்தால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்கிவிடுவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ரைபிள் கிளப். ஈயக் குண்டு போட்டுச் சுடும் காற்றுத் துப்பாக்கி ஒன்று வைத்திருக்கிறாள்.

"கிளப்புல எல்லாரோடதும் கறுப்பு மாமா. என்னுது மட்டும் மிலிட்டரி மாதிரி திட்டுத் திட்டா இருக்கணும்" என்றாள்.

பஞ்சாட்சரம் சிரித்தார். இருபத்து நாலு வருடம் பட்டாளத்தில் துப்பாக்கி பழுதுபார்த்த ஹவில்தார் அவர்.

"அது இன்னா உனக்கு வெளையாட்டா? மொதல் உலகப் போர்ல பிரெஞ்சுக்காரன் படம் வரையறவங்களையே பட்டாளத்துல சேத்து, பீரங்கிக்குப் பெயிண்டு அடிக்க வெச்சான். அங்கேர்ந்து வந்த வித்த இது. நாங்க சாக்கக் கிழிச்சு ரைபிள்ல சுத்துவோம், சேறு பூசுவோம், பனியில வெள்ளத் துணி. காட்டுல எதுவுமே நேரா இருக்காது. துப்பாக்கி ஒண்ணுதான் நேரா இருக்கும். அந்த நேர்கோட்ட ஒடைக்கணும். கலர் தெரிஞ்சா மட்டும் போதாது."

கடைசி வாக்கியத்தை என்னைப் பார்த்துச் சொன்னார். விடுவேனா?

"குடு இங்க. பேரணாம்பட்டு மலையடியில பாறையும் புல்லுமா கெடக்குதே ஒன் கொல்ல நெலம், அங்கயே கொண்டாந்து வெக்கிறேன். பத்து நிமிசம் தேடு. ஒன் கண்ணுக்கே தெரியாது."

"தெரிஞ்சா?"

"கேட்ல இருக்கற போர்ட நீயே கயட்டிக்கினு போ."

வாய் என்னுடையதுதான். பிறகு யாரைக் குறை சொல்வது?

விசையையும் குழல் வாயையும் டேப்பால் மூடி, மொட்டை மாடியில் ஸ்ப்ரே கன்னை எடுத்தேன். பச்சை, பழுப்பு, சாம்பல். முதல் திட்டு விழுந்தது. அவ்வளவுதான், கை தானாகப் போய் அதைச் சுற்றிப் பூசி மெழுகிவிட்டது! முள் கீறல், உண்ணி கடித்த புள்ளி, நரம்புத் தடம் என்று ஆட்டுத் தோலில் இருக்கும் குறையை எல்லாம் மறைத்து ஒரே சீராக்கிப் பழகிய கை. ஒரு திட்டு தெரிந்தாலும் வெளிநாட்டுக்காரன் மொத்த லாட்டையும் திருப்பி அனுப்புவான். அந்தக் கையிடம் திட்டுப் போடு என்றால்? போதாக்குறைக்குப் பழக்கதோஷத்தில் மேலே பளபளப்பு வார்னிஷ் வேறு அடித்திருக்கிறது.

ஹேமலதா வந்து, கம்பெனியில் செய்வதுபோல வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். "சூப்பர் மாமா! எங்கயும் ஒரு திட்டு இல்ல. பாஸ்!" என்றவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஐயோ, நான் திட்டுதானே கேட்டேன்!"

"துப்பாக்கியா, மாப்பிள்ள ஷூவா?" என்றார் பஞ்சாட்சரம். "இத எங்கொல்லையில வெச்சா பேரணாம்பட்டு பஸ்ல போறவனுக்கே தெரியும். ஞாயித்துக்கெழம காலைல ஒம்போது மணி, மாஸ்டர்." சட்டைப் பையிலிருந்து ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக் காட்டினார். எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருந்தார், படுபாவி.

ஏழு முறை அடித்தேன், ஆறு முறை சுரண்டினேன். ஏழாவது பூச்சைச் சுரண்டத் தெம்பில்லாமல் அப்படியே விட்டேன். மூன்று முறைதான் என்று என் மனைவி சம்பூர்ணம் சொல்வாள். அவள் எப்போதுமே குறைத்துத்தான் எண்ணுவாள்.

சனிக்கிழமை காலை சமையலறையில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. அது ஆடாமல் இருக்க அடியில் ஒரு ஆட்டுத் தோலை மடித்துப் போட்டிருந்தோம். நிறம் ஏற்றாமலே டேனரி ஒதுக்கிய தோல். அதன் ஓரம் கண்ணில் பட்டது. கீறல்! புள்ளி! கிளை பிரிந்த நரம்புத் தடம்! பேரணாம்பட்டு மலையில் மேய்ந்த ஆடு அது. அந்த மலை முள்ளே கிழித்து வரைந்த படம்! மாவு அரைபடும்போதே தோலை உருவினேன்.

"இன்னாங்க, பைத்தியம் புடிச்சிக்கிச்சா? கிரைண்டர் தெருவுக்கே நடந்து போவுது பாருங்க!"

போகட்டும். தோலை விரித்து, ஒவ்வொரு குறையையும் பிளேடால் அதன் வடிவத்திலேயே வெட்டி எடுத்தேன். பஞ்சாட்சரத்தின் கொல்லையிலிருந்து கல்லும் காய்ந்த புல்லும் ஒரு பை நிறையக் கொண்டுவந்து, மாடியின் வடக்குப் பக்க வெளிச்சத்தில் வைத்து அவற்றின் நிறத்தைக் கலந்தேன். தோலைத் துப்பாக்கியில் சுற்றி, ஓட்டைகள் வழியாக அடித்தேன். மெழுகுவதற்குக் கைக்கு வழியே இல்லை. வார்னிஷ் டப்பாவைச் சம்பூர்ணத்திடம் கொடுத்து ஒளித்து வைக்கச் சொல்லியிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை. கொல்லையில் கயிறு கட்டி எல்லை போட்டாள் ஹேமலதா. குண்டு இல்லை என்று இரண்டு முறை சரிபார்த்துத் துப்பாக்கியைத் தந்தாள். அப்பாவும் மகளும் திரும்பி நின்றார்கள். பிளந்த பாறை ஒன்றின் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன்.

பஞ்சாட்சரம் கயிற்றோரம் நின்று பட்டாள முறைப்படி வலமிருந்து இடமாகத் தேடினார். கிட்டத்தில் ஒரு வரிசை, தள்ளி ஒரு வரிசை. குந்திப் பார்த்தார், படுத்துப் பார்த்தார். ஒரு ஓணானைக்கூடக் கண்டுபிடித்தார்.

"டைம் முடிஞ்சிச்சுப்பா" என்றாள் ஹேமலதா.

நான் குதித்த குதியில் கைலாசகிரி மலை ஒரு அங்குலம் இறங்கியிருக்கும்.

"சரி, எடுத்துக் காட்டு" என்றார் அவர்.

மிடுக்காக நடந்தேன். பிளந்த பாறை எங்கே? முப்பது பிளந்த பாறைகள் இருந்தன! வைக்கும்போது ஒன்றுதான் இருந்தது, சத்தியம். ஒரு சுற்று, இரண்டு சுற்று. வியர்த்துக் கொட்டியது.

பஞ்சாட்சரத்தின் முகம் மலர்ந்தது. "வெச்சவனுக்கே தெரியலன்னா அவன் இன்னா கலர் மாஸ்டர்? போர்டு எறங்கும்."

"அப்பா, அடுத்த வாரம் எனக்குப் போட்டி! மொதல்ல துப்பாக்கி கெடைக்கட்டும்!"

கண்ணை நம்பிப் பயனில்லை என்று புரிந்தது. டேனரியில் கண்ணுக்குச் சிக்காத குறையை உள்ளங்கையால் தடவித்தான் பிடிப்போம். மண்டியிட்டேன். ஒரு குச்சியால் தட்டித் தட்டிப் பாம்பு பார்த்துக்கொண்டு, மறு கையால் தடவிக்கொண்டே போனேன். சொரசொரப்பு. சொரசொரப்பு. முள். மறுபடி சொரசொரப்பு. அப்புறம், குட்டி ஆட்டின் தோல் மாதிரி ஒரு வழவழப்பு!

என் கை மெழுகிய ஏழாவது பூச்சு திட்டுக்கு அடியில் அப்படியே இருந்தது. துப்பாக்கியைத் தூக்கிப் பிடித்து நான் போட்ட கூச்சலில் ஆந்திராவில் மேய்ந்த மாடுகள் தலை நிமிர்ந்தன.

ஹேமலதா துப்பாக்கியைப் பறித்து வெளிச்சத்தில் சாய்த்தாள். "மாமா, கம்பெனியில இதுக்கு நாப்பது சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவேன்!" என்று முத்தம் கொடுத்தாள், துப்பாக்கிக்கு.

என் வீட்டு கேட்டுக்கு வந்ததும் பஞ்சாட்சரம் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். பலகையின் இடது மூலையில் ரொம்ப நாளாக ஆடிக்கொண்டிருந்த திருகை இறுக்கிவிட்டு, பித்தளையைச் சட்டைக் கையால் துடைத்தார்.

"கொல்லையில மோட்டார் ஷெட்டு ஒண்ணு இருக்குது மாஸ்டர். அதுக்கும் இதே மாதிரி அடிச்சிக் குடு" என்றார். நாலடி போய்த் திரும்பினார். "ஆனா எங்க இருக்குதுன்னு ஒரு சீட்டுல எய்தி எங்கிட்ட குடுத்துடு."