மூன்றுக்கு அடுத்தது நான்கு

பல் டாக்டர் தன் சகலையை 'நீங்க' போட்டுப் பேச ஆரம்பித்ததிலிருந்தே இரண்டு வீட்டுக்கும் நடுவில் பேச்சு உப்புச்சப்பில்லாமல் போய்விட்டது. அதற்கு முன்னால் 'வாடா, போடா'தான். அக்காவைக் கட்டியவர் பல் டாக்டர். தங்கையைக் கட்டியவர் லேத் பட்டறை வைத்திருந்தார். சொந்தபந்தத்தில் எல்லாருக்கும் அவர் லேத்காரர். கல்யாணமான புதிதிலேயே இருவரும் ஒட்டிக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் டாக்டருடைய பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு அடியிலிருந்து நான்கு கால்கள் நீட்டிக்கொண்டிருக்கும். "செருப்பை வச்சுத்தான் எது நம்ம ஆளுன்னு கண்டுபிடிக்கணும்" என்று அக்காவும் தங்கையும் சிரிப்பார்கள்.

அந்தக் காரின் என்ஜினைத்தான் லேத்காரர் உடைத்தார். அல்லது, உடைத்தார் என்று எல்லாரும் நம்பினார்கள். அவரும்தான்.

போன வருடம் நடந்தது அது. ஊருக்கு வெளியே இருந்த கார் பந்தய டிராக்கில் டாக்டர் தன் கார் சாவியைத் தூக்கிப் போட்டு, "ஒரு ரவுண்டு போய்ட்டு வாடா" என்றார். லேத்காரர் போனார். வலது பக்கம் திரும்பும் நீண்ட வளைவில் மூன்றாவது கியரில் முழு வேகத்தில் வந்து, நான்காவதுக்காக லிவரைப் பின்னால் இழுத்தார். விழுந்தது அதற்கு இடப்பக்கத்தில் இருக்கும் இரண்டாவது. கிளட்ச்சை விட்டதும், அந்த வேகத்தை இரண்டாவது கியரில் தாங்க முடியாமல் என்ஜின் அலறியது. அடுத்த நொடி முன்பக்கத்திலிருந்து புகை. மூடியைத் திறந்து பார்த்தபோது என்ஜினுக்குள் இருக்க வேண்டிய இரும்புத் தண்டு ஒன்று பக்கவாட்டில் ஓட்டை போட்டுக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தது.

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். "பரவாயில்ல, விடுங்க" என்றார். அந்த 'விடுங்க' லேத்காரரின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. செலவில் பங்கு தருகிறேன் என்றதற்கும் "அதெல்லாம் வேணாங்க" என்று ஒதுக்கிவிட்டார். வேறு என்ஜின் ஒன்றை மெக்கானிக் வந்து மாட்டிவிட்டுப் போனார். டாக்டர் அதைத் தெருமுனை வரை ஓட்டிப் பார்த்துவிட்டுத் துணி போட்டு மூடி வைத்தார். அக்காவும் தங்கையும் போனில் மட்டும் பேசிக்கொண்டார்கள், அதுவும் பிள்ளைகளின் படிப்பைப் பற்றி.

இப்படி இருக்கையில் ஒருநாள் டாக்டரே பட்டறை வாசலில் ஒரு பெட்டியோடு வந்து நின்றார்.

"உங்களால ஒரு தட்டு அறுத்துக் குடுக்க முடியுங்களா?"

லேத்காரர் மெஷினை நிறுத்திவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். பெட்டிக்குள் இருந்தது ஒரு சீக்வென்ஷியல் ஷிஃப்டர். சாதாரணக் காரில் கியர் மாற்ற லிவரை முன்னே பின்னே மட்டுமல்ல, இடமும் வலமும் நகர்த்தி வழி பார்த்துப் போட வேண்டும். இதில் அந்த வம்பு இல்லை. பின்னால் இழுத்தால் அடுத்த கியர், முன்னால் தள்ளினால் முந்தைய கியர். இடம் வலம் பார்க்கும் வேலையைப் பெட்டிக்குள் இருக்கும் உருளை செய்துகொள்ளும். ஆனால் இந்தக் காரின் தரையில் உள்ள துளைகளும் பெட்டியின் துளைகளும் பொருந்தவில்லை. நடுவில் கனமான ஒரு அலுமினியத் தட்டு வேண்டும். இணைப்புத் தண்டும் கொஞ்சம் நீளமாக வேண்டும்.

"எதுக்கு திடீர்னு இது?" என்று கேட்டார் லேத்காரர்.

"யார் கை பட்டாலும் கியர் தப்பா விழக் கூடாது பாருங்க. அதுக்குத்தான்."

சொன்ன பிறகுதான் டாக்டருக்கே அது எப்படிக் கேட்கிறது என்று உறைத்திருக்க வேண்டும். பட்டறைச் சுவரில் தொங்கிய ஸ்பேனர்களைப் பார்த்தபடி நின்றார்.

"ஞாயித்துக்கிழமை வந்து அளவெடுக்கறேன்" என்றார் லேத்காரர்.

விஷயத்தைக் கேட்டதும் தங்கைக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "உங்களைக் குத்திக் காட்டறதுக்குன்னே ஒரு சாமானை வாங்கிட்டு வந்திருக்கார். அதுக்குத் தட்டும் நீங்களே அறுத்துக் குடுக்கணுமா? ஊர்ல வேற லேத்தே இல்லையா?"

"இருக்கு. ஆனா என்கிட்ட வந்திருக்காருல்ல."

"வந்தா? தலைமேல தூக்கி வச்சுக்கணுமா?"

அவர் வேன் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அந்த ஒரு வருடமாகப் பட்டறை வேனை ஓட்டும்போதுகூட ஒவ்வொரு கியருக்கும் குனிந்து லிவரைப் பார்த்துத்தான் அவர் மாற்றினார். இருபது வருடமாக ஓட்டுகிற கை அது. பக்கத்தில் உட்கார்ந்து வரும் தங்கை அதைக் கவனித்திருந்தாள்; கவனித்ததைச் சொல்லவில்லை. அவளுடைய கோபத்தில் பாதி அதனால் வந்ததுதான்.

ஞாயிற்றுக்கிழமை டாக்டர் வீட்டு கார் ஷெட்டில் இரண்டு பேரும் அட்டையை வெட்டி மாதிரி எடுத்தார்கள். "இங்க பிடிங்க", "கொஞ்சம் நகருங்க" என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. அடுத்த ஞாயிறு லேத்காரர் தட்டோடும் நீட்டிய தண்டோடும் வந்தார். ஓரங்களை மழுக்கி, துளைகளுக்குப் பள்ளம் கொடுத்து, பளிச்சென்று இருந்தது தட்டு. தனக்கு எதிராகத் தானே செய்து கொடுக்கும் சாமானில் குறை இருந்துவிடக் கூடாது என்ற வீம்பு அதில் தெரிந்தது. டாக்டர் அதை வாங்கி விரலால் தடவிப் பார்த்தார். "நல்லா வந்திருக்குங்க" என்றார்.

ஷிஃப்டரை மாட்டுவதற்கு முன் செய்ய வேண்டியதாக ஒன்று பெட்டியின் மேல் அச்சடித்திருந்தது. நியூட்ரலில் லிவரை ஒரு பக்கம் தள்ளி விட்டால் அது தானாக நடுவுக்கு வந்து நிற்கும். அந்த இடத்திலிருந்துதான் அளவு தொடங்க வேண்டும். டாக்டர் லிவரை வலது பக்கம் தள்ளி விட்டார். டக்கென்று நடுவுக்கு வந்தது. இடது பக்கம் தள்ளி விட்டார். வரவில்லை. அங்கேயே சாய்ந்து கிடந்தது.

மறுபடி தள்ளினார். மறுபடியும் அப்படியே.

"கிரீஸ் இறுகியிருக்குமோ?" என்றார் லேத்காரர்.

டாக்டர் தன் டூல் பாக்ஸைக் குடைந்தார். கிளினிக்கில் தேய்ந்துபோன, பல் பார்க்கும் கண்ணாடிகளை அவர் எறிவதில்லை. கைக்கு எட்டாத இடங்களைப் பார்க்க கார் வேலைக்கு வைத்துக்கொள்வார். லிவரைச் சுற்றியிருந்த ரப்பரைக் கழற்றி, நீளக் காம்புள்ள அந்தச் சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டு, டார்ச்சை வாயில் கடித்துக்கொண்டு பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அவருடைய நோயாளிகள் பயப்படுவது இந்த மௌனத்துக்குத்தான்.

பிறகு இடுக்கியை விட்டு எதையோ எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்தார். சுருள் ஸ்பிரிங்கின் பாதி. இன்னொரு பாதியையும் எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார்.

"லிவரை இடது பக்கம் போக விடாம நடுவுக்குத் தள்ளற ஸ்பிரிங்" என்றார்.

"இப்ப உடைஞ்சதா?" லேத்காரரின் குரல் அவருக்கே அந்நியமாகக் கேட்டது.

டாக்டர் உடைந்த முனையை வெளிச்சத்தில் திருப்பினார். "புதுசா உடைஞ்ச பல்லு நாக்கைக் கிழிக்கும். இது பாரு, மழுங்கி வழவழன்னு இருக்கு. உள்ள கறை ஏறிப்போச்சு. ஒண்ணோட ஒண்ணு உரசி உரசித் தேஞ்சிருக்கு. வண்டிதான் ஒரு வருஷமா ஓடவே இல்லையே. ஓடாத வண்டியில எப்படித் தேயும்?"

அவர் 'பாரு' என்றதை இருவருமே அப்போது கவனிக்கவில்லை.

"அப்படின்னா நீங்க ஓட்டும்போது ஏன் தப்பா விழல?" என்று கேட்டார் லேத்காரர். விடுதலையை வாங்கிக்கொள்ள அவருக்குப் பயமாக இருந்தது. அப்புறம் 'இல்லை' என்று யாராவது பிடுங்கிக்கொண்டால்?

டாக்டர் காருக்குள் ஏறி உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, மூன்றிலிருந்து நான்குக்கு இழுத்துப் பார்த்தார். லேத்காரர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். இழுக்கும்போது டாக்டரின் மணிக்கட்டு லேசாகத் திரும்பி லிவரை வலது பக்கம் அணைத்துக்கொண்டது.

"உங்க கை தள்ளுது."

"தள்ளுதா?" டாக்டர் கண்ணைத் திறந்தார். திரும்பவும் இழுத்தார். "ஆமா. தள்ளுது. எப்ப பழகுச்சுன்னே எனக்குத் தெரியல."

டீ கொண்டுவந்த அக்கா, டீ டிரேயை எங்கே வைப்பது என்று இடம் தேடிக்கொண்டிருந்தவள், காரின் கூரை மேலேயே வைத்தாள். "என்னவாம்?"

டாக்டர் ஸ்பிரிங்கைக் காட்டிச் சொன்னார்.

"கியர் இடது பக்கம் விழுந்து கிடக்குன்னு நான் அன்னிக்கே சொல்லலையா?" என்றாள் அக்கா. "கிளினிக்குக்கு வெள்ளையடிச்சப்போ வண்டியை நகர்த்தச் சொன்னீங்க. அப்பவே சொன்னேன். 'உனக்கு ஓட்டத் தெரியல'ன்னு சொன்னீங்க."

வெள்ளையடித்தது டிராக்குக்குப் போவதற்கு இரண்டு மாதம் முன்பு.

டாக்டருக்கு முகம் சுண்டிப்போனது. "சொன்னே" என்றார். காரிலிருந்து இறங்கி லேத்காரரின் முன்னால் வந்து நின்றார். "சகலை, உன் கை மேல தப்பு இல்லடா. என்னைத் தவிர யார் ஓட்டியிருந்தாலும் அந்த வளைவுல அது இரண்டாவதுலதான் விழுந்திருக்கும். நான் ஒரு தடவை இந்த ரப்பரைக் கழட்டிப் பாத்திருக்கலாம்."

லேத்காரர் தலையை ஆட்டினார். ஷெட்டுக்கு வெளியே இருந்த குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவினார். கிரீஸ் போன பிறகும் கழுவிக்கொண்டே நின்றார். குழாய்ப் பக்கத்துச் சின்னச் சுவரில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கண்ணில் தண்ணீர் வந்தது. முகத்தையும் கழுவிக்கொண்டதால் அது வெளியே தெரியவில்லை.

அங்கிருந்தே தங்கைக்குப் போன் போட்டார்.

"யாரு சொன்னா?" என்றாள் அவள்.

"அவர்தான்."

"நீங்களா நினைச்சுக்கிட்டு சொல்லாதீங்க. போனை அவர்கிட்ட குடுங்க."

டாக்டர் போனை வாங்கி முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னார், பரீட்சையில் வாய்விட்டு ஒப்பிப்பவரைப் போல. அப்புறம், "நான் அங்க வரேன் மாமா" என்றாள் தங்கை. அவள் அவரை மாமா என்று கூப்பிட்டும் ஒரு வருடம் ஆகியிருந்தது. வந்தவள் ஆண்கள் பக்கம் திரும்பவில்லை. நேரே அக்காவிடம் போய், "வெள்ளையடிச்ச அன்னிக்கே எனக்கு இதைச் சொல்லியிருக்கலாம்ல" என்று ஆரம்பித்தாள். சமையலறையில் இருவரும் போட்ட சண்டையின் சத்தம் ஷெட் வரை கேட்டது. கொஞ்ச நேரத்தில் அதுவே சிரிப்புச் சத்தமாகிவிட்டது.

"இனிமே இந்தப் பெட்டி எதுக்கு? திருப்பி அனுப்பிடறேன்" என்றார் டாக்டர். "ஸ்பிரிங்கை மாத்தினா பழையதே போதும்."

"தட்டு அறுத்தாச்சு, தண்டும் நீட்டியாச்சு. என் வேலையைக் குப்பையில போடவா?" என்றார் லேத்காரர். "மாட்டியே தீரணும்."

ஸ்பிரிங்கை அவரே கம்பி சுற்றிச் செய்தார். லிவர் இரண்டு பக்கத்திலிருந்தும் டக்கென்று நடுவுக்கு வந்தது. ஷிஃப்டரை மாட்டியதும் இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது மட்டும் கடித்தது. தண்டின் மறையை அரைச்சுற்று உள்ளே திருப்பிப் பார்த்தார்கள்; அதிகமாகிவிட்டது. பாதியைத் திருப்பி எடுத்தார்கள். சாயங்காலம் ஒரு வழியாக ஒன்றிலிருந்து ஐந்து வரை தடையில்லாமல் ஏறி இறங்கியது. டாக்டர் சின்னப் பிள்ளை மாதிரி டக் டக்கென்று இழுத்துக்கொண்டே இருந்தார். "போதும், தேஞ்சுடப் போகுது" என்று லேத்காரர் தடுக்க வேண்டியிருந்தது.

டிராக்குக்கு இந்தத் தடவை இரண்டு குடும்பமும் சேர்ந்து போனது. டாக்டர் சாவியை நீட்டி, "நீதான் முதல்ல" என்றார். லேத்காரர் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார். எடுபடவில்லை.

முதல் சுற்றை உருட்டிக்கொண்டே போனார். இரண்டாவது சுற்றில் அந்த வளைவு வந்தது. மூன்றாவது கியர், முழு வேகம், உடம்பு இடது பக்கம் சாய்கிறது. கிளட்ச்சை மிதித்து லிவரை இழுத்தார். ஒரு கணம் காலை எடுக்க மனம் வரவில்லை. எடுத்தார். என்ஜின் சத்தம் ஒரு படி தணிந்து, கார் வழுக்கிக்கொண்டு முன்னே போனது. நான்கு. இத்தனை நாள் அடக்கி வைத்திருந்த மூச்சு அவரிடமிருந்து பெரிதாக வெளியே வந்தது. அதற்கப்புறம் அவர் எத்தனை சுற்று போனார் என்று யாரும் எண்ணவில்லை.

கடைசியில் டாக்டரின் முறை வந்தது. அவர் டயர் சூடாகட்டும் என்று மெதுவாகத்தான் போனார். எதிர்ப்பக்க நேர்சாலையிலிருந்து திடீரென்று என்ஜின் வீறிடும் சத்தம் கேட்டு, உடனே அடங்கியது. பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்துக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்தாள்.

"யாரு ஓட்டறது?"

"உன் வீட்டுக்காரர்தான்" என்றாள் தங்கை.

டாக்டர் திரும்பி வந்து கண்ணாடியை இறக்கினார். "பழக்க தோஷம். பழைய கியர்ல அஞ்சாவது முன்னாலதானே. அஞ்சாவதுக்கு முன்னால தள்ளிட்டேன், மூணாவது விழுந்துடுச்சு. மெதுவாத்தான் போனேன், ஒண்ணும் ஆகலை."

லேத்காரர் மூடியைத் திறந்து, காது கொடுத்துக் கேட்டு, எண்ணெய் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. "ஒண்ணும் ஆகலதான். இறங்கி ஒரு பிஸ்கட் சாப்பிடு, அப்புறம் ஓட்டலாம்" என்றார். டாக்டர் இறங்கி வந்து பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்தார். அவருக்குக் கிடைத்த கேலியை அவரும் சேர்ந்து சிரித்தபடி கேட்டுக்கொண்டார். லேத்காரர் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு காருக்குள் குனிந்து, தட்டின் போல்ட்டுகள் ஏதாவது தளர்ந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் தளரவில்லை.