வெறும் குளுக்கோஸ்

இன்று நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன். தவறு எங்கே தொடங்கியது என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

மாலை வகுப்பில் பிரசவத் துணைப் பயிற்சி படிக்கிறேன். அடுத்த வாரம் முதல், பிரசவத்துக்காக அக்கா சேர்ந்திருக்கும் அதே வார்டில் செய்முறைப் பயிற்சி. கருப்பையைச் சுருங்க வைக்கும் ஆக்சிடோசின் தாயின் மூளையிலிருந்தே சுரக்கிறது, பயந்தால் பின்வாங்கிவிடுகிறது என்று அக்காவின் காது புளிக்கச் சொல்லியிருக்கிறேன். வலி தானாகவே வரட்டும், அதையே மருந்தாக டிரிப்பில் ஏற்ற வேண்டாம் என்று அவளும் ஒப்புக்கொண்டிருந்தாள்.

மதியம் நான் போனபோது அவள் கையில் டிரிப் ஏறிக்கொண்டிருந்தது.

"என்னக்கா இது?"

"வெறும் குளுக்கோஸ்டி, டாக்டரம்மா. தெம்புக்கு. உடனே பாடம் எடுக்க ஆரம்பிச்சிடாத."

பாட்டிலில் ஒட்டிய சீட்டு சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தது. எதையும் இரண்டு முறை படிப்பவள் நான். அக்காவே சொன்ன பிறகு எதற்கு என்று விட்டுவிட்டேன்.

விளக்கைக் குறைத்தேன். இடுப்பை நீவிவிட்டேன். வலி நன்றாக வந்தது. என் கைராசி என்று உள்ளுக்குள் பூரித்துக்கொண்டேன்.

"நாக்கு ஒட்டுதுடி" என்றாள் அக்கா. குளுக்கோஸ் மெதுவாகச் சொட்டியது. கொஞ்சம் வேகமாகப் போகட்டுமே என்று குழாயின் சக்கரத்தைத் தளர்த்தினேன்.

பிறகு வலி விடவே இல்லை. வயிறு கல்லாக இறுகி நின்றது. மானிட்டரில் குழந்தையின் இதயத் துடிப்பு தடுமாறி மெதுவானது. வார்டு சிஸ்டர் ஓடிவந்து டிரிப்பை நிறுத்தி, அக்காவைப் பக்கவாட்டில் திருப்பினார்.

"ஆக்சிடோசினை யாரு இப்படித் திறந்துவிட்டது?"

"நான்தான் சிஸ்டர். குளுக்கோஸ்னு..."

"குளுக்கோஸா? காலையில அவங்களே கேட்டுத்தானே ஏத்தினோம்!"

துடிப்பு மெல்ல மீண்டது. சிஸ்டர் அக்காவின் பக்கம் குனிந்தார். "குளுக்கோஸ்னு நீங்களாம்மா சொன்னீங்க?"

"நான் ஒண்ணும் சொல்லலை சிஸ்டர். எல்லாம் தெரியும்னு அவளுக்கு நினைப்பு."

வலியில் உளறுகிறாள் என்று நினைக்கப் பார்த்தேன். ஆனால் அப்போது வலி இல்லை. என் கைக்குக் கீழே அவள் வயிறு தளர்ந்து கிடந்தது.

"நீ பயிற்சிக்கு இங்க வர வேணாம்" என்றார் சிஸ்டர்.

சாயங்காலம் பெண் குழந்தை பிறந்தது. இருவரும் நலம். அறையில் நாங்கள் தனியாக இருந்தபோது அக்கா என் கையைப் பிடித்தாள்.

"காத்திருக்க முடியலைடி. சொன்னா நீ திட்டுவியேன்னுதான் மறைச்சேன்."

"சரி. இப்ப சிஸ்டர்கிட்ட நிஜத்தைச் சொல்லுக்கா."

"விஷயம் மாமியார் காதுக்குப் போனா, என் புள்ளை உசுரோட நானே விளையாடினேன்னு சொல்லுவாங்க." குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டாள். "உனக்கென்னடி, வேற ஆஸ்பத்திரியா இல்லை?"

சக்கரத்தைத் திருகியது என் கைதான், அதை மறுக்கவில்லை. கையை விடுவித்துக்கொண்டு சிஸ்டரின் அறைக்குப் போய், குளுக்கோஸ் என்று சொன்னது அக்காதான் என்ற மீதியையும் சொன்னேன். அவர் நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

"இப்பதான் புள்ளை பெத்தவ, அவ மேலயே பழி போடறியா?" என்றார்.