தண்டவாளத்தில் நின்ற வீடு

என் தம்பி வாவ்ராவுக்குப் பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது. மணப்பெண் பர்போரா வந்து இறங்கும்போது வீடு புது மனையில் நின்றாக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றான். அவள் வருவது சனிக்கிழமை. வெள்ளிக்கிழமை காலையிலேயே வீட்டைத் தூக்கிவிட்டான்.

சிகாகோவில் போஹீமியா நாட்டிலிருந்து பிழைக்க வந்த எங்களைப் போன்றவர்கள் பலருக்கு வீடு சொந்தம், அடியில் இருக்கும் மண் வாடகை. எங்கள் மண்ணின் சொந்தக்காரர் அங்கே நான்கு மாடிக்குச் செங்கல் கட்டடம் எழுப்பப் போவதாகச் சொல்லிக் காலி செய்யச் சொன்னார். சட்டி பானையோடு போய்விடுவோம் என்று நினைத்தாரோ என்னவோ! நாங்கள் வீட்டையே நெம்பி, உருட்டுக்கட்டைகள் மேல் ஏற்றி, கயிறு கட்டி, குதிரையை விட்டு இழுத்துக்கொண்டு போவோம். உள்ளே அடுப்புகூட அணையாது.

அவனே பலகை பலகையாகச் சேர்த்துக் கட்டிய வீடு அது. சொந்த வீடு இல்லாதவனுக்குப் பெண் கிடையாது என்று பர்போராவின் அப்பா ஊரிலிருந்து கறாராகச் சொல்லிவிட்டார். வாவ்ரா மஞ்சள் வர்ணம் அடித்து, கதவில் ஒரு புறாவைச் செதுக்கி, அதன் முன்னால் மீசையை முறுக்கி நின்று படம் பிடித்து அனுப்பினான். அதைப் பார்த்துத்தான் அவர் மனம் இறங்கினார்.

மத்தியானம் டிராம் தண்டவாளத்தைக் கடக்கும்போது உருட்டுக்கட்டை ஒன்று பிளந்தது. வீடு நடுத்தெருவில் நின்றுவிட்டது. எனக்கென்ன, கசகசா ரொட்டிக்குப் பிசைந்த மாவு பொங்கி நின்றது. நான் உள்ளே என் வேலையைப் பார்த்தேன்.

அந்த நேரத்தில்தான் பர்போரா, ஒரு நாள் முன்னதாகவே வந்து, எங்கள் பழைய இடத்தில் நின்றிருக்கிறாள். அங்கே வெறும் பள்ளம். வீடு காலையிலேயே கிளம்பிப் போய்விட்டது என்று பக்கத்துக் கறிக்கடைக்காரர் சொன்னாராம். உண்மையைத்தான் சொன்னார், பாவம். கேலி செய்கிறார் என்று இவள் அழுதுவிட்டாள். படத்தில் இருந்தது எவன் வீடோ, காதில் இருக்கும் தோட்டை விற்றாவது ஊருக்குத் திரும்புவது என்று முடிவு கட்டி, ஸ்டேஷனுக்குப் போகும் டிராமில் ஏறிவிட்டாள்.

அந்த டிராம்தான் எங்கள் வாசலில் வந்து நின்றது. திட்டிக்கொண்டே இறங்கிய கூட்டத்தில், தன்னைவிடப் பெரிய வாத்து இறகு மெத்தை மூட்டையோடு ஒருத்தி இறங்கினாள். எங்கள் ஊர் மணப்பெண்ணைத் தவிர அதை யார் சுமப்பார்கள்? அவள் கதவில் இருந்த புறாவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பர்போராதானே நீ? நான் வாவ்ராவோட அக்கா" என்றேன் ஜன்னலிலிருந்து.

வீட்டுக்கு அடியிலிருந்து வாவ்ரா தவழ்ந்து வந்தான். உடம்பெல்லாம் சேறு, மீசைகூடத் தெரியவில்லை.

"இது யார் வீடு?" என்றாள் அவனிடம்.

"என்னுதுதான். மண்ணுதான் என்னுது இல்ல. அதான் வீட்ட எடுத்துட்டுப் போறேன். நீ நாளைக்குத்தானே வரணும்?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எங்க ஊர்ல புருஷன்தான் வீட்ட விட்டு ஓடுவான். இங்க வீடே ஓடுதே."

டிராம்காரன் அவன் பாஷையில் ஏதோ வைதான். அவள் எங்கள் பாஷையில் அதற்கு இரண்டு மடங்காகத் திருப்பிக் கொடுத்தாள். அந்த நிமிஷமே எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

புதுப் பெண்ணை வாசற்படியில் ரொட்டியும் உப்பும் கொடுத்துத்தான் உள்ளே அழைக்க வேண்டும். படியைத்தான் கழற்றிவிட்டோமே. ஜன்னல் வழியாகவே கொடுத்தேன். முதலில் மெத்தை உள்ளே வந்து, சுட்டது போக மீதியிருந்த என் மாவின் மேல் விழுந்தது. பின்னாலேயே வாவ்ரா அவளைத் தூக்கி ஏற்றிவிட்டான்.

புதுக் கட்டையை வைத்தார்கள். குதிரை இழுத்தது. கோப்பைகள் கடகடவென்று ஆடின. அலமாரியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு அவள் சூடான ரொட்டியைத் தின்றாள். அப்பாவுக்கு என்னவென்று எழுதப் போகிறாய் என்று கேட்டேன்.

"நான் கோவிச்சுக்கிட்டுக் கிளம்பினேன், வீடே வந்து வழிமறிச்சு என்னைக் கூட்டிட்டுப் போச்சுன்னு எழுதுறேன், அண்ணி."