பச்சைக் காரின் ஓவர்டிரைவ்

பெருங்கல் தோட்டத்துப் பெரிய துரைக்குக் கொழும்பு என்றால் உயிர். மாதத்தில் இரண்டு வெள்ளிக்கிழமை மலையிறங்கிப் போனால் திங்கட்கிழமைதான் திரும்புவார். அவிசாவளை தாண்டிய சமதரையில் அவருடைய பழைய பச்சைக் கார் பறக்க வேண்டும். ஆனால் என்ஜின் கத்தக் கூடாது, பெட்ரோலும் அதிகம் குடிக்கக் கூடாது. இப்படி ஆசைப்பட்டுக் கொண்டிருந்தவருக்குச் சிநேகிதர் ஒருவர், நொறுங்கிப்போன வேறொரு காரிலிருந்து கழற்றிய, வேகத்திலும் என்ஜினை மெதுவாக ஓடவிடுகிற ஓவர்டிரைவ் கியர்பாக்ஸைக் கொடுத்துவிட்டார். ஐம்பத்தேழாம் வருஷம், பெருமழைக்கு முந்தின மாதத்தில், சாக்கில் சுற்றிய அந்தச் சனியன் லாரியில் வந்து தேயிலைத் தொழிற்சாலை வாசலில் இறங்கியது.

"ஆண்டியப்பன், இதை மாட்டு. பத்து நாள்" என்றார் துரை.

துரைமாருக்கென்று ஒரு தமிழ் உண்டு. மாட்டு, கழற்று, வா, போ, வெட்டு, நிறுத்து. முப்பது வருஷம் மலையில் இருந்தாலும் அந்தத் தமிழில் 'ஏன்' என்ற சொல் மட்டும் வந்து சேராது.

ஆண்டியப்பன் தொழிற்சாலை ஃபிட்டர். கொழுந்து அரைக்கிற ரோலரிலிருந்து பெரிய என்ஜின் வரைக்கும் அவர் கைக்குத்தான் அடங்கும். தோட்டத்தில் எல்லோரும் 'பாஸ்' என்றுதான் கூப்பிடுவார்கள். கார் அவருடைய வேலையே இல்லை. ஆனாலும் ஓர் இரும்பைக் கையில் கொடுத்துவிட்டால், அது சரியாக உட்காரும்வரை அவருக்குச் சோறு இறங்காது. கோணலாகப் பூட்டிய ஒரு போல்ட்டைப் பார்த்தால் யார் வீட்டு வண்டியாக இருந்தாலும் நின்று கழற்றிப் பூட்டிவிட்டுப் போகிற ரகம். அதைத் தோட்டமே கேலி செய்யும், அவரும் சிரித்துக்கொள்வார்.

பச்சைக் காரை ஓட்டுகிறவன் பழனியாண்டி. ஆண்டியப்பனின் ஒரே தங்கை அம்மாக்கண்ணுவின் புருஷன். பதினெட்டு வருஷமாக ஸ்டியரிங் பிடிக்கிறவன்.

பழைய கியர்பாக்ஸை இறக்கினார். புதியது அதைவிட ஒரு சாண் நீளம். அதனால் பின்சக்கரத்துக்குப் போகிற தண்டை அறுத்துக் குறைத்து, பற்றவைத்து, லேத்தில் போட்டு நூல் பிசகாமல் நிமிர்த்தினார். கியர்பாக்ஸைத் தாங்குகிற குறுக்குச் சட்டத்தைப் பின்னால் தள்ளிப் புதுத் துளை போட்டார். ஆறாம் நாள் எல்லாம் சேர்ந்து உட்கார்ந்தன. வண்டியைக் கட்டைமேல் தூக்கிவைத்து, என்ஜினை அணைத்து, இரண்டாம் கியரில் போட்டுப் பின்சக்கரங்களைக் கையால் முன்பக்கமாகச் சுற்றிப் பார்த்தார். கியரில் கிடக்கிற வண்டியின் சக்கரங்கள் அசையக் கூடாது. இவை சிரமமே இல்லாமல் சுழன்றன.

தன் கைத்தவறுதான் என்று நினைத்தார். கழற்றினார், மாட்டினார். மறுபடியும் கழற்றினார். இரண்டாம் தடவைதான் உள்ளே இருந்த வளையம் கண்ணில் பட்டது. என்ஜின் சக்கரத்தைச் சுற்றினால் பிடிக்கும், சக்கரம் என்ஜினைச் சுற்றினால் விட்டுவிடும். உடையவில்லை, தேயவில்லை, செய்தவனே அப்படித்தான் செய்திருக்கிறான். சமதரைக்காரன் செய்த சாமான். காலை எடுத்தால் வண்டி தானாக உருண்டு போகட்டும், பெட்ரோல் மிச்சமாகட்டும் என்று செய்திருக்கிறான்.

ஆண்டியப்பனுக்கு மலைப்பாதைதான் நினைவுக்கு வந்தது. மலையில் எந்த டிரைவரும் இறக்கத்தில் பிரேக்கை நம்புவதில்லை. இரண்டாம் கியரில் போட்டுக் காலை எடுத்தால் என்ஜினே வண்டியைப் பிடித்து இறக்கிவிடும். பழனியாண்டியின் காலுக்குப் பதினெட்டு வருஷமாகத் தெரிந்தது அது ஒன்றுதான். இனி அவன் காலை எடுத்தால் என்ஜின் கையை விரித்துவிடும். ஒரே ஒரு வழி இருந்தது. ஸ்டியரிங்குக்குக் கீழே, கியர்பாக்ஸோடு வந்த ஒரு கைப்பிடி. வண்டியை நிறுத்திவைத்து அதை வெளியே இழுத்துவிட்டால் வளையம் பூட்டிக்கொள்ளும். கார் பழைய காராகிவிடும். ஓவர்டிரைவும் வேலை செய்யாது.

துரை வந்தபோது ஆண்டியப்பன் தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார்.

"தொரைகளே, எறக்கத்துல என்ஜின் புடிக்காதுங்க. வண்டி சும்மா உருளுங்க. கீழ போற வரைக்கும் அந்தக் கைப்புடிய இழுத்து வச்சுக்கிட்டா நல்லதுங்க."

"பிரேக் இருக்கு. மிதி" என்றார் துரை.

"பிரேக்கு சூடாகிப் போயிருங்களே..."

"கைப்பிடி தொடாதே. டிரைவர் தொட்டா பேர் வெட்டு."

அதோடு துரையின் தமிழ் முடிந்தது. தோட்டத்தில் பேர் வெட்டினால் வேலையும் போகும், குடியிருக்கிற வீடும் போகும். ஆண்டியப்பன் விடவில்லை. ஆபீசுக்குப் போய்ப் பெரிய கிளாக்கர் கனகலிங்கத்திடம், இங்கிலீசில் எடுத்துச் சொல்லும்படி கெஞ்சினார். கனகலிங்கம் யாழ்ப்பாணத்தார், கெட்ட மனுஷர் இல்லை, வேலை போய்விடுமோ என்று பயந்தவர்.

"நான் சொன்னால் துரை கேப்பாரெண்டு நினைக்கிறியோ? தன்ர காரைப் பற்றிக் கிளாக்கர் கதைக்கிறானெண்டு என்னைத்தான் ஏசுவார். போய் உன்ர வேலையைப் பார், ஆண்டியப்பன்."

கடைசியில் பழனியாண்டியிடமே சொன்னார். கைப்பிடியைக் காட்டினார். நிறுத்து, இழு, பிறகு இறங்கு என்று மூன்று தடவை சொன்னார்.

"மச்சான், தொரை பின் சீட்டுல உக்காந்து அந்தக் கைப்புடியத்தான் பாத்துக்கிட்டு வருவாரு" என்றான் பழனியாண்டி. "பேர வெட்டுனா எங்க போறது? ரெண்டு பொட்டப் புள்ளைங்கள இழுத்துக்கிட்டு எந்தத் தோட்டத்து வாசல்ல போயி நிக்கிறது? நான் பாத்து மிதிச்சுக்கிறேன், விடுங்க."

முதல் பயணம் போய் வந்தான். இரண்டாம் பயணம் போய் வந்தவன் சக்கரத்தில் புகை வந்ததாகச் சொன்னான். ஆண்டியப்பன் பிரேக்கைப் பிரித்துத் துடைத்து, புதுப் பட்டை வைத்துக் கொடுத்தார். அவரால் முடிந்தது அவ்வளவுதான். கார் போகிற வெள்ளிக்கிழமைகளில் அவர் ரோலர் பக்கத்தில் நின்றாலும் மனசு கொழும்புப் பாதையில் கினிகத்தேனை இறக்கத்தில்தான் நிற்கும். அம்மாக்கண்ணுவிடம் அவர் எதையும் சொல்லவில்லை. சொல்லி அவளையும் எதற்குச் சாகடிக்க வேண்டும் என்று விட்டுவிட்டார்.

மூன்றாம் பயணத்தில் மழை. கினிகத்தேனை தாண்டி மூன்றாவது வளைவில் பிரேக் மிதி பிடிமானமே இல்லாமல் தரையைத் தொட்டது. இடது பக்கம் பள்ளம். பழனியாண்டி வண்டியை வலது பக்கம் ஒடித்து மலைக்கரையில் கொண்டுபோய் மோதினான். துரைக்கு நெற்றியில் நான்கு தையல். பழனியாண்டிக்கு முழங்காலுக்குக் கீழே வலது கால் போயிற்று.

பதினைந்து நாள் கழித்து இன்சூரன்ஸ் என்ஜினியர் ஒருவர் கொழும்பிலிருந்து வந்தார். பச்சைக் கார் தொழிற்சாலை முற்றத்தில் முகம் நசுங்கிக் கிடந்தது. அவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உள்ளே புகுந்தார். தண்டைத் தடவினார், சட்டத்தின் துளைகளை அளந்தார், ஒவ்வொரு நட்டாகச் சாவி போட்டுப் பார்த்தார். பிறகு துரையிடம் இங்கிலீசில் நெடுநேரம் பேசினார். கனகலிங்கம் ஆண்டியப்பன் பக்கம் வந்து மெதுவாகச் சொன்னார்:

"வண்டியில பிழை இல்லையாம். பிரேக்கை ஆறவிடாமல் மிதிச்சுக்கொண்டே வந்தது டிரைவற்ற பிழையாம். துரை பழனியாண்டியின்ர பேரை வெட்டச் சொல்லிப் போட்டார். ஒரு கிழமையில லயத்து வீட்டைவிட்டுப் போக வேணுமாம்."

 ஆண்டியப்பனின் கண்ணுக்குள் தங்கையும் அந்த இரண்டு பெண்பிள்ளைகளும் வந்து நின்றார்கள். அந்த இடத்திலேயே முடிவு செய்தார். தனக்குப் பெண்டாட்டி இல்லை, பிள்ளை இல்லை. பேர் போனால் தன்னோடு போகட்டும். நேரே போய் இரண்டு பேருக்கும் முன்னால் நின்றார்.

"தொரைகளே, தப்பு என்னோடதுங்க. நாந்தாங்க தப்பா மாட்டிட்டேன். பழனியாண்டி மேல குத்தமே இல்லீங்க. என் பேர வெட்டுங்க."

கனகலிங்கம் அவரை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தார். பிறகு இங்கிலீசில் சொன்னார். முழுதாகத்தான் சொன்னார், அன்றைக்கு அவருக்கும் மனசு கேட்கவில்லை.

என்ஜினியர் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை, அன்பான சிரிப்பு. ஆண்டியப்பனின் தோளைப் பிடித்துக் காருக்கடியில் குனியவைத்து, அந்த நட்டுகளையும் ஒட்டுப் போட்ட தண்டையும் அவருக்கே காட்டிக்காட்டிப் பேசினார்.

"என்ன சொல்றாருங்க ஐயா?"

கனகலிங்கம் தமிழில் எடுத்துச் சொன்னார். "இப்பிடிச் சுத்தமான வேலை கொழும்பிலயும் காண ஏலாதாம். இவ்வளவு பெரிய மோதலிலயும் ஒரு நட்டுக்கூட அசையேல்லையாம். இப்பிடி வேலை செய்யிற ஆள் பிழைவிட்டிருக்க மாட்டானாம். மச்சானைக் காப்பாத்தப் பொய் சொல்லுறாய் எண்டு விளங்குதாம். அதை எழுத மாட்டாராம்."

"சத்தியமா தப்புத்தாங்க ஐயா! எறக்கத்துல புடிக்காதுங்க அது! மலைக்கு ஆகாத சாமான மாட்டுனதே தப்புங்க! சொல்லுங்க ஐயா!"

கனகலிங்கம் அதையும் சொன்னார். என்ஜினியர் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். துரை கையை உயர்த்தினார்.

"ஆண்டியப்பன், போதும். நீ நல்ல ஃபிட்டர். கியர்பாக்ஸ் கழற்று, பத்திரமா வை. அடுத்த மாசம் வேற கார் வருது."

பொய்யைச் சொன்னாலும் எடுபடவில்லை, உண்மையைச் சொன்னாலும் எடுபடவில்லை. தன் கையைத் தானே வெட்டிப் போட்டுவிடலாம் போலிருந்தது ஆண்டியப்பனுக்கு. அன்று மாலைவரைக்கும் அந்த முற்றத்தில் உட்கார்ந்து, சொன்னபடியே கியர்பாக்ஸைக் கழற்றி எண்ணெய் போட்டுச் சாக்கில் சுற்றி வைத்தார். வேறு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

ஏழாம் நாள் காலையில் லயத்துக்குப் போனார். கொத்மலையில் பழனியாண்டியின் அக்காள் வீடு இருந்தது. அங்கே போவதாக ஏற்பாடு. பழனியாண்டி இன்னும் ஆஸ்பத்திரியில் கிடந்தான். பெண்பிள்ளைகள் இரண்டு பேரும் சாமான்களைக் கைவண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அம்மாக்கண்ணு பாத்திரங்களைக் கட்டிக்கொண்டிருந்தாள். அழுது முடித்திருந்தாள்.

"அண்ணே, கிளாக்கர் ஐயா எல்லாத்தையும் சொன்னாரு. எங்களுக்காக நீ போயி நின்னியாமே."

ஆண்டியப்பன் தலையாட்டினார்.

"மாட்டுறப்பவே ஒனக்குத் தெரியுமாமே, அது ஆள முழுங்குற சாமான்னு."

"தொரைகிட்டச் சொன்னேன் ஆத்தா. கிளாக்கர்கிட்டச் சொன்னேன். மாப்புளகிட்டயும் சொன்னேன். யாரும் கேக்கல."

அவள் மூட்டையிலிருந்து கையை எடுத்தாள். குரலில் கோபமே இல்லை. புரியாததைக் கேட்கிற மாதிரிதான் கேட்டாள்.

"தெரிஞ்சும் ஏண்ணே அவ்வளவு நல்லா மாட்டுன? ஓடாத மாதிரி கோணலா மாட்டி விட்டுருக்கக் கூடாதா?"

அந்தப் பத்து நாளில் அப்படியொரு யோசனை அவருக்கு ஒரு தடவைகூட வந்திருக்கவில்லை.