பஞ்சு விழும் பள்ளிக்கூடம்

அன்னூருக்குக் கிழக்கே புளியங்காட்டுப்பாளையம் நடுநிலைப் பள்ளியில் தும்மல்கள் பஞ்சாக விழ ஆரம்பித்தது ஆடிப்பெருக்குக்கு மறுநாள் காலை, இறைவணக்கக் கூட்டத்தில். கணக்கு வாத்தியார் அழகிரிசாமி தமிழ்த்தாய் வாழ்த்து முடியும்வரை அடக்கிப் பார்த்து, முடியாமல் தும்மினார். கைப்பிடி அளவு வெள்ளைப் பஞ்சு கிளம்பி, முன்வரிசைப் பிள்ளைகளின் தலைக்கு மேல் நிதானமாக மிதந்துபோய் மூன்றாம் வகுப்பின் மேல் இறங்கியது. அவர் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு வகுப்புக்குப் போனார். யாரும் அலறவில்லை. பருத்தியைப் பார்க்காத ஊரா அது? மதியத்துக்குள் ஏழாம் வகுப்பில் மட்டும் கூட்டி அள்ளியது ஒரு தலையணைக்கு ஆகும் என்று ஆயா சொன்னார். பள்ளியின் கேட்டைத் தாண்டிவிட்டால் தும்மல் வெறும் தும்மல்தான். சுற்றுச்சுவருக்குள்ளே மட்டும்தான் இந்த விவகாரம்.

அன்னூர் ரோட்டில் பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரிக்கிற ஜின்னிங் பேக்டரி வைத்திருக்கும் சென்னகேசவன் கேள்விப்பட்டு ஸ்கூட்டரில் வந்தார். ஒரு கொத்தை எடுத்து இரண்டு கட்டைவிரலுக்கும் நடுவே இழுத்துப் பார்த்தார். இழை நீளம் மோசமில்லை, கொட்டை இல்லாததால் அரைக்கிற வேலை மிச்சம், ஆனால் ஈரப்பதம் கொஞ்சம் அதிகம் என்று சொல்லிவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு போனார். தலைமையாசிரியை அன்புக்கரசிக்கு மட்டும் அன்றைக்கு முகத்தில் சிரிப்பு தாங்கவில்லை. தும்மலில் நோய் எப்படிப் பரவுகிறது என்று ஒரு வருடமாகத் தொண்டை வறளச் சொல்லியும் ஒருவர் மண்டையிலும் ஏறாத விஷயம், இப்போது எல்லார் சட்டையிலும் ஒட்டிக்கொண்டிருந்தது.

முந்தின வருடம் கல்வி அலுவலகத்திலிருந்து ஓர் உத்தரவு வந்திருந்தது. புது மாதிரியான ஃப்ளூ காய்ச்சல் எங்காவது கிளம்பி ஊர் ஊராகப் பரவினால் எப்படிச் சமாளிப்பது என்று ஒவ்வொரு பள்ளியும் திட்டம் போட வேண்டும். சுற்றுவட்டாரத்தில் ஒருவர் எழுதியதைப் பார்த்து ஒருவர் எழுதி, சாயங்காலத்துக்குள் அனுப்பிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனார்கள். ஒரு பள்ளியின் திட்டத்தில் பக்கத்துப் பள்ளியின் பெயரே மாறாமல் இருந்தது. அன்புக்கரசியால் அப்படி விட முடியவில்லை. அவருக்கு லோகப்பிரியாவின் ஞாபகம் வந்தது.

கொரோனாவுக்குப் பள்ளியைப் பூட்டியபோது லோகப்பிரியா எட்டாம் வகுப்பு, வகுப்பில் முதல். ஒரு மாதம் என்றார்கள், அது வருடத்தையும் தாண்டிப் போனது. அதற்குள் அவள் சத்தியமங்கலம் பக்கத்தில் ஒரு நூல் மில்லுக்குப் போய் ஹாஸ்டலில் தங்கி வேலை பழகிவிட்டாள். டி.சி. வாங்க வந்த அன்று தொற்றுக்குப் பயந்து கேட் பூட்டியிருந்தது. அன்புக்கரசி கம்பி இடுக்கு வழியாகத்தான் அதை நீட்டினார். வந்து நிற்கிற ஒருத்தியை ‘வா’ என்று சொல்லாமல் அனுப்பியது அவர் பிறந்ததிலிருந்து அதுதான் முதல் தடவை. கூலி வேலைக்குப் போன குடும்பத்திலிருந்து முதலில் படித்து வந்தவர் அவர். ஒரு பெண் படிப்பிலிருந்து நழுவினால் அது எங்கே போய் நிற்கும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த டி.சி. அவர் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக் கிடந்தது.

லோகப்பிரியாவின் தங்கை பிரீத்திகா அப்போது அதே பள்ளியில் ஆறாவது படித்தாள். அவர்களுடைய அம்மா சின்னாத்தாள் வாழைத்தோப்பில் வேலை செய்கிறவர், மனதில் ஒன்று வைத்து வாயில் ஒன்று பேசத் தெரியாதவர். உத்தரவைப் பற்றிக் கேள்விப்பட்டதும் நேராக வந்து சொல்லிவிட்டார்.

“இன்னொருக்கா பள்ளிக்கூடத்தைப் பூட்டுனா இவளையும் மில்லுக்கு அனுப்பிச்சுப்போடுவனுங்க டீச்சர். வயசுக்கு வந்த புள்ளைய ஊட்டுல தனியா உட்டுப்போட்டு நான் எப்படிங்க தோட்டத்துக்குப் போறது?”

இந்தப் பள்ளியை இனிப் பூட்ட விடுவதில்லை என்று அன்புக்கரசி அன்றைக்கு முடிவுகட்டினார். எந்தத் தேர்தலிலோ வாக்குச்சாவடிக்காக ஆணி அடித்த தெற்கு ஜன்னல்கள் அப்படியே கிடந்தன. ஆசாரியைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் பிடுங்கித் திறந்தார். கை கழுவக் குழாய் வரிசை வந்தது. காய்ச்சலில் படுத்த பிள்ளைக்கு அன்றன்றைய பாடம் வீட்டு வாசலுக்குப் போய்ச் சேரத் தெருவுக்கு ஒரு ஆள் என்று ஏற்பாடானது. எல்லாம் கூடிவந்தது, ஒன்றைத் தவிர. காய்ச்சலோடு வருகிற பிள்ளையை உள்ளே விடக்கூடாது. அங்கேதான் திட்டம் சறுக்கியது.

கொங்கு நாட்டில் வந்தவரை ‘வாங்க’ என்று கேட்காமல் விடுவது சாதாரணக் குற்றமில்லை. கல்யாண வீட்டில் வாசலில் வரவேற்க நின்றவர் கவனிக்காமல் விட்டதற்காக இரண்டு தலைமுறை பேசிக்கொள்ளாத பங்காளிகள் இதே ஊரில் இருக்கிறார்கள். ஒத்திகை நடந்த அன்று, நோயாளி மாதிரி நடிக்கச் சொல்லிச் சில பிள்ளைகளை இருமிக்கொண்டே வரவைத்தார் அன்புக்கரசி. கேட்டில் நின்ற வாட்ச்மேன் நஞ்சுண்டன் ஒவ்வொருவரையும் ‘வாங்க கண்ணு’ என்று அகலத் திறந்துவிட்டார். தடுப்பதற்காகவே நிறுத்தியிருந்த அழகிரிசாமி, பொய்யாக இருமிய பையனின் அப்பாவை ‘வாங்க, காபி சாப்புடறீங்களா’ என்று உள்ளே கூட்டிக்கொண்டு போனார். தனியாக வைக்க வேண்டிய பிள்ளைகளைப் பார்க்க மற்ற வகுப்புகள் ரொட்டிப் பாக்கெட்டோடு வரிசையில் வந்தன. உடம்பு சரியில்லாதவரைப் போய்ப் பார்க்காமல் இருந்தால் அப்புறம் எந்த முகத்தோடு பேசுவது? நிஜக் காய்ச்சலாக இருந்திருந்தால் மத்தியானத்துக்குள் பள்ளி மொத்தமும் படுத்திருக்கும். அன்புக்கரசி நஞ்சுண்டனைப் பிடித்துத் திட்டினார்.

“வந்தவீங்கள வராதீங்கன்னு எப்படிங்க சொல்றது?” என்றார் நஞ்சுண்டன். “எனக்கு வாயே வரமாட்டேங்குதுங்க.”

வராதுதான். அன்புக்கரசிக்கே வராது. இந்த முட்டுச்சந்தில் அவர் நின்றிருந்தபோதுதான் ஆடி மாதம் வந்து பஞ்சும் விழுந்தது.

பஞ்சு விழ ஆரம்பித்த பிறகு சுகாதாரப் பாடம் எடுக்க வேண்டிய வேலையே இல்லாமல் போனது. ஜன்னலை மூடினால் ஒரு பெஞ்சில் தும்மியது கடைசி பெஞ்சுவரை போய் உட்கார்வதைப் பிள்ளைகள் பார்த்தார்கள். திறந்துவிட்டால் அது வெளியே போய் மக்காச்சோளக் காட்டுக்கு மேல் கலைந்தது. முழங்கையை மடக்கி அதற்குள் தும்மினால் பஞ்சு மடிப்பிலேயே தங்கியது. தூசிக்கு வருகிற தும்மலில் ஒரு நூலிழை, காய்ச்சலில் வருவதில் ஒரு கைப்பிடி என்று ஒன்றாம் வகுப்புக்குக்கூடத் தெரிந்துபோனது. பெற்றோர் கூட்டத்தில் சின்னாத்தாள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்த மறந்து இருமினார். மடியில் சாய்ந்திருந்த பிரீத்திகாவின் தலை பூராவும் வெள்ளை பூத்தது. அவர் மகளின் முடியிலிருந்து ஒவ்வொரு இழையாகப் பொறுக்கினார். கூட்டம் முடிந்தும் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

அதைப் பார்த்துக்கொண்டிருந்த அன்புக்கரசிக்கு வழி பிடிபட்டது. ‘வாங்க’ சொல்லாமல் முடியாது என்றால் சொல்லிவிடுவோம். சொல்கிற இடத்தை மாற்றுவோம். சந்துப் பக்கத்துச் சுவரை உடைத்து இரண்டாவது கேட் வைத்தார். உள்ளே வேப்பமரத்தடியில் நாலு பக்கமும் காற்றாடுகிற ஒரு கொட்டகை. உடம்பு சுகமில்லாத பிள்ளையையும் கூட வந்தவரையும் அங்கே ‘வாங்க’ என்று கூப்பிட்டு, பெஞ்சில் உட்காரவைத்து, சுடுதண்ணீர் கொடுத்து, பாடத்தையும் கையில் கொடுத்து, ‘போயிட்டு, காய்ச்சல் உட்டதும் வாங்க’ என்று அனுப்ப வேண்டும். ‘போ’ என்ற சொல்லை யாரும் தனியாகச் சொல்லத் தேவையில்லை. நஞ்சுண்டனின் வாய்க்கு இது சுலபமாக வந்தது. பார்க்க வருகிறவர்கள் சந்தில் நின்று சுவருக்கு மேலாக நலம் விசாரித்தார்கள். கொட்டகையில் சேர்ந்த பஞ்சை வேகவைத்து, வெயிலில் காயவைத்து, சென்னகேசவன் தன் ஆட்களை வைத்து அடித்து மெத்தையாகத் தைத்துக் கொடுத்தார். தூங்கச் சுகமாக இருந்தது என்று படுத்தவர்கள் சொன்னார்கள்.

அடுத்த வருடம் ஐப்பசி மழையோடு அந்தக் காய்ச்சல் வந்தே விட்டது. முதலில் செய்தியில் வந்தது, பிறகு கோயம்புத்தூருக்கு வந்தது, ஆர்.எஸ்.புரத்து கிளினிக்குகளில் வரிசை ரோடுவரை நின்றது, பிறகு அன்னூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கியது. எல்லாப் பள்ளியையும் மூட வேண்டாம், காய்ச்சல் வகுப்புக்குள் பரவுகிற பள்ளியை மட்டும் மூடுங்கள் என்று மேலிடம் சொல்லியது. ஒவ்வொன்றாக மூடினார்கள். புளியங்காட்டுப்பாளையத்தில் கொட்டகை நிறைந்தது, ஆனால் வகுப்பறைகளில் பஞ்சு விழவில்லை. சுகாதார ஆய்வாளர் வியாழக்கிழமை நேரில் பார்த்து முடிவு சொல்வதாகச் சொல்லியிருந்தார். அன்றைக்குக் காலையில்தான், எட்டாம் வகுப்பில் பிரீத்திகாவின் புத்தகப்பை வழக்கத்துக்கு மேல் புடைத்திருப்பதை அன்புக்கரசி பார்த்தார்.

ஜிப்பின் ஓரத்தில் ஒரு வெள்ளை இழை நீட்டிக்கொண்டிருந்தது. திறந்தால் உள்ளே புத்தகங்களே தெரியவில்லை. காலையிலிருந்து வந்த தும்மலையெல்லாம் பையை முகத்தில் கவிழ்த்துப் பிடித்து அதற்குள்ளேயே தும்மி, கையால் அமுக்கி மூடியிருந்தாள் அந்தப் பெண். நெற்றி கொதித்தது. கண் சிவந்திருந்தது.

“ஊட்டுக்குப் போனா அம்மா மில்லுக்கு அனுப்பிச்சுப்போடுமுங்க டீச்சர்” என்றாள்.

அழகிரிசாமி டீச்சரைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னார். பையை மூடி ஸ்டோர் ரூமில் வைத்துவிடலாம், ஆய்வாளர் மத்தியானத்துக்குள் போய்விடுவார், அப்புறம் பிள்ளையை அனுப்பிக்கொள்ளலாம். யோசித்தால் அன்புக்கரசிக்கு அது தப்பாகவும் தோன்றவில்லை. யாருக்காகப் பள்ளியைப் பூட்டாமல் வைக்க இத்தனை பாடுபட்டாரோ, அவளாலேயே அன்றைக்குப் பூட்டிவிடும்போல் இருந்தது. ஆனால் ஒளித்துவைத்த காய்ச்சல் நாளைக்கு எல்லார் தலையிலும் விழும் என்பதை அவர்தானே இந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார்?

“பள்ளிக்கூடத்தைப் பூட்டுனாத்தான கண்ணு மில்லுக்குப் போகோணும்? நான் பூட்டமாட்டேன். நீ போயிட்டு வா” என்று வகுப்புக்குத் திரும்பிப் பிரீத்திகாவிடம் சொன்னார்.

ஆய்வாளரின் ஜீப் உள்ளே நுழைந்தபோது அவர் ஒரு கையில் பிரீத்திகாவையும் மறு கையில் அந்தப் பையையும் பிடித்துக்கொண்டு மைதானத்தின் நடுவே கொட்டகைக்கு நடந்துகொண்டிருந்தார். ஆய்வாளர் எல்லாவற்றையும் பார்த்தார். பையைப் பார்த்தார், திறந்த ஜன்னல்களைப் பார்த்தார், எட்டாம் வகுப்பில் பெஞ்சு பெஞ்சாகக் குனிந்து தேடினார். ஓர் இழைகூட இல்லை. எல்லாம் பைக்குள்ளேயே இருந்தது. அந்த வகுப்புப் பிள்ளைகளை மட்டும் சில நாள் வேப்பமரத்தின் மறுபக்கத்தில் உட்காரவைத்துப் பாடம் நடத்துங்கள், மற்றபடி பள்ளி நடக்கட்டும் என்று சொல்லிவிட்டு, சுடுதண்ணீர் குடித்துவிட்டுப் போனார்.

பிரீத்திகாவை வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. அன்புக்கரசி மில் ஹாஸ்டலுக்குத் தானே போன் போட்டு, தங்கைக்குக் காய்ச்சல், லீவு சொல்லிவிட்டு வா அம்மணி என்றார். லோகப்பிரியா மறுநாள் பஸ்ஸிலேயே வந்தாள். தங்கைக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தாள், வாசலுக்கு வந்த பாடத்தைப் படித்துக் காட்டினாள். படித்துக் காட்டியதில் கணக்கு அவளுக்கே மறுபடி பிடித்துப்போனது. காய்ச்சல் முழுசாக விட்டபின் தங்கையைக் கூட்டிக்கொண்டு வந்தவள், கேட்டுக்கு வெளியிலேயே நின்றுகொண்டாள். நஞ்சுண்டன் கூப்பிட்டும் வரவில்லை. அன்புக்கரசி அலுவலகத்திலிருந்து வேகமாக நடந்துவந்து, கேட்டை இரண்டு பக்கமும் முழுசாகத் திறந்து, அவள் கையைப் பிடித்தார்.

“வா சாமி. உள்ள வா” என்றார். அதைச் சொல்ல அவருக்கு அத்தனை வருடம் ஆகியிருந்தது.

உள்ளே கால் வைத்ததும் லோகப்பிரியா இருமினாள். விழுந்தது வெள்ளைப் பஞ்சு இல்லை, சாம்பல் நிறத்தில் பொடிப்பொடியாக இருந்தது. பிள்ளைகள் விலகி நின்றார்கள். சென்னகேசவன் வந்து விரலில் தேய்த்துப் பார்த்துவிட்டு, இது காய்ச்சல் இல்லை, யாருக்கும் ஒட்டாது, மில் ரூமில் பறக்கிற தூசிப் பஞ்சு, உள்ளே போனது வெளியே வருகிறது என்று சொல்லி, முதல் தடவையாக இழை நீளம் பார்க்காமல் போனார். அவள் மில்லுக்குத் திரும்பவில்லை. அந்தப் பருவம் முழுக்கத் தெருத்தெருவாகப் படுத்த பிள்ளைகளுக்குப் பாடம் கொண்டுபோனாள். சாயங்காலங்களில் அழகிரிசாமியிடம் பத்தாம் வகுப்புக் கணக்குப் படித்தாள். ஒரு பக்கம் இருமிக்கொண்டும்தான் படித்தாள். நஞ்சுண்டன் சாம்பல் பஞ்சைச் சலிக்காமல் கூட்டினார். சுற்றிலும் மூடிய பள்ளிகள் தை மாதம் திறந்தன. புளியங்காட்டுப்பாளையத்தில் திறக்க எதுவும் இருக்கவில்லை, பூட்டியிருந்தால்தானே.

இன்றைக்கும் அங்கே தும்மினால் பஞ்சுதான் விழுகிறது. லீவு முடிந்து வருகிற திங்கட்கிழமைகளில் கொஞ்சம் கூடுதலாக விழும். புதிதாக மாற்றலாகி வருகிற ஆசிரியர்களுக்கு முதல் நாளே ஜன்னலையும் சந்துப் பக்கத்துக் கேட்டையும் காட்டிவிடுகிறார்கள். அந்த வருடப் பங்குனியில் லோகப்பிரியா தனித்தேர்வராகப் பரீட்சை எழுதக் கிளம்பிய காலையில், டீச்சரிடம் சொல்லிக்கொண்டு போக உள்ளே வந்தவள் கேட்டருகே ஒரு தும்மல் தும்மினாள். நஞ்சுண்டன் வழக்கம்போல் சாம்பல் பஞ்சைக் கூட்டச் சீமாறை எடுத்துக்கொண்டு போனார். கூட்ட அங்கே ஒன்றும் இல்லை.