கடைசி வளைவில் அறுகிற லைன்

"போச்சு. மறுபடியும் அறுத்துட்டான்!"

செல்லக்கனி கீபோர்டைத் தள்ளிவிட்டு நாற்காலியில் சாய்ந்தாள். இப்போதுதான் திரையில் அவளுடைய சிவப்புக் கார், தனுஷ்கோடியின் நீலக் காரை உரசிக்கொண்டு கடைசி வளைவில் முந்தியது. அடுத்த மூச்சு விடுவதற்குள் திரை கறுத்து, இணைப்பு அறுந்தது என்று இங்கிலீஷில் ஒரு வரி வந்து நின்றது. இந்த வாரம் முழுக்க இதே கதைதான்.

அவளுக்கு ராஜபாளையத்தில், சொந்த வீட்டின் கீழ்ப்பகுதியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர். அவனுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில், தேரடிப் பக்கம் ஒன்று. தொண்ணூற்றெட்டாம் வருஷத்தில் இன்டர்நெட் என்பதை இரண்டு ஊர்க்காரர்களும் பேப்பரில் படித்ததோடு சரி. ஆனால் டெலிபோன் லைனில் மோடம் என்கிற பெட்டியை மாட்டினால் இந்த ஊர்க் கம்ப்யூட்டர் அந்த ஊர்க் கம்ப்யூட்டரைக் கூப்பிட்டுப் பேசும். இரண்டு பேர் ஒரே பாதையில் கார் ஓட்டலாம்.

பெண் பார்க்க வந்த அன்றைக்கு, "பொண்ணுகிட்ட ஏதும் கேக்கணும்னா கேளுங்க மாப்பிள" என்று பெரியவர்கள் சொன்னபோது தனுஷ்கோடி கேட்டது ஒன்றுதான்.

"உங்ககிட்ட மோடம் இருக்கா?"

அத்தை தங்கபாய் பதறிப் போனாள். "அதெல்லாம் பேசி முடிச்சாச்சுல்ல தம்பி? இப்ப புதுசா ஒண்ணு கேட்டா எப்படி?"

சபை கொல்லென்று சிரித்தது. அவன் மட்டும் செல்லக்கனியைப் பார்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடித்திருந்தது. அதனால்தான் இப்போது அவன் மேல் இவ்வளவு கோபம் வந்தது.

"ஏட்டி, மாப்பிளகூட பேசினியா?" மாடிப்படியில் அத்தையின் குரல் இறங்கி வந்தது. தாயில்லாத வீட்டில் அப்பாவின் அக்காதான் எல்லாம். பூ வைத்து நிச்சயம் செய்கிறவரை போனில் பேச்சு வார்த்தை கூடாது என்பது அவள் போட்ட சட்டம்.

"பேசலை அத்த. ஓட்டுனேன்."

"என்னத்த ஓட்டுனியோ. வீட்டுக்குள்ள ஒக்காந்து காரு ஓட்டுத குடும்பத்த நான் பாத்ததில்ல."

அப்பா வைகுண்டராஜ் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்தார். பேண்டேஜ் துணி வியாபாரம். சத்திரப்பட்டி தறிகளுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"கனி, வெளக்கு வைக்கதுக்குள்ள அவியளுக்குப் பதில் சொல்லணும். ஞாயித்துக்கிழமை பூ வைக்க வாரோம்ங்காவ. வரச் சொல்லவா, வேண்டாம்னு சொல்லவா? ஒன் வாயால வரட்டும்."

"நீங்க போயிட்டு வாங்கப்பா. வந்ததும் சொல்லுதேன்."

"மொகம் ஏன் வாடிக் கெடக்கு?"

"ஒண்ணுமில்லப்பா."

ஸ்கூட்டர் சத்தம் தெருமுனையில் தேய்ந்தது. ஒன்றுமில்லையா? விளையாட்டில் ஒரு பொம்பளையிடம் தோற்கப் பொறுக்காமல் ஒயரைப் பிடுங்குகிறவன், நாளைக்கு அடுப்படியில், கடையில், பிள்ளை வளர்ப்பில் எதைப் பிடுங்க மாட்டான்? பேச்சில் தோற்றால் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போகிற ஆண்களை அவள் பார்த்திருக்கிறாள். அப்படி ஒருத்தனுக்குத்தான் கழுத்தை நீட்டப் போகிறோமா?

ஆனால் தீர விசாரிக்காமல் பழி போடவும் மனசு வரவில்லை. மிஷின் மேல் குற்றம் இருந்தால்?

ஒயரைக் கழற்றி முனையைத் துடைத்து மாட்டினாள். வேறு ஒயர் போட்டாள். மோடத்தின் வேகத்தைக் குறைத்து வைத்தாள். மறுபடி அவனைக் கூப்பிட்டாள். மோடம் கீச்சிட்டு, இரைந்து, அடங்கியது. நீலக் கார் வந்து நின்றது. வேண்டுமென்றே மெதுவாக ஓட்டி அவனை முன்னால் விட்டாள். லைன் கல்லு மாதிரி நின்றது. காரை ஓரமாக நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்து பார்த்தாள். அப்போதும் அறவில்லை. மாடியில் இருக்கும் போனும் இதே லைன்தான். ஆனால் யாரும் வெளியூருக்குப் பேசிவிடக் கூடாதென்று அதன் டயலில் அப்பா ஒரு குட்டிப் பூட்டைத் தொங்கவிட்டுச் சாவியைச் சட்டைப் பையில் கொண்டு போய்விடுவார். பூட்டிக் கிடக்கிற போனை அவள் கணக்கில் சேர்க்கவில்லை.

ஆக, அவன் முந்தும்போது அறுகிற லைன் இல்லை இது. அவள் முந்தும்போது மட்டும் அறுகிற லைன்.

விளையாட்டுக்கு நடுவே ஒரு வரி எழுதி அனுப்ப வழி இருந்தது. அடித்தாள்: "ஒயரைப் புடுங்குறது நீங்கதானா?"

பதில் உடனே வந்தது. "நானா? நீங்கதான்னுல்ல நெனச்சேன்!"

"ஆமா, எங்கப்பன் குதிருக்குள்ள இல்ல" என்று பல்லைக் கடித்தாள். "வாங்க, இன்னொரு ஆட்டம்" என்று அடித்தாள்.

இந்த ஆட்டத்தோடு தெரிந்துவிடும் என்று நினைத்துக்கொண்டாள். கார்கள் பாய்ந்தன. அய்யனார் கோவில் பாதை மாதிரி வளைந்து வளைந்து ஏறுகிற ரோடு. அவன் வழி விடவே இல்லை. கடைசி வளைவில் வெளிப்பக்கமாக ஒரு சந்து தெரிந்தது. வண்டியைத் திணித்தாள். தன்னை மறந்து, "வா, வா, வா! விட்றாத, இன்னும் கொஞ்சம்... ஐயோ வந்துட்டேன்!" என்று கத்திச் சிரித்தாள்.

திரை கறுத்தது.

அந்த நிசப்தத்தில்தான், தலைக்கு மேலே, 'டொக்' என்று ஒரு சத்தம். ரிசீவரை வைக்கிற சத்தம்.

செல்லக்கனி மாடிப்படியில் தாவி ஏறினாள். அத்தை போன் மேசையை முந்தானையால் துடைத்துக்கொண்டு நின்றாள். டயலில் பூட்டு பத்திரமாகத் தொங்கியது. ரிசீவரில் மஞ்சள் பூசியிருந்தது. அத்தையின் இடது காதிலும் அதே மஞ்சள்.

"அத்த, போன எடுத்தியளா?"

"பூட்டின போன நான் ஏன் எடுக்கப் போறேன்? தூசி தட்டுதேன்."

"காதால தட்டுனியளா?"

அத்தை காதைத் தொட்டு விரலைப் பார்த்தாள். பிறகு குரலை உயர்த்தினாள். "ஆமாட்டி, எடுத்தேன். மசாலா அரைச்சிட்டிருந்தேன். கீழ நீ 'வா வா'ங்குத, 'விட்றாத'ங்குத, அப்படிச் சிரிக்க. பூ வைக்கதுக்கு முன்ன ஒருத்தன்கிட்ட அப்படியா பேசுவாக? என்ன பேசுதியன்னு கேக்கத்தான் எடுத்தேன். எடுத்தா எண்ணெயில கடுகு பொரியித மாதிரி பொரியுது. ரெண்டு பேரும் என்ன பாஷையிலதான் பேசிக்கிடுதிய?"

"நான் சிரிக்கும்போதெல்லாம் எடுத்தியளா?"

"நீ சும்மா இருந்தா எதுக்கு எடுக்கேன்?"

செல்லக்கனி மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பூட்டு, டயல் சுற்றுவதைத்தான் தடுக்கும். ரிசீவரை எடுத்துக் கேட்பதைத் தடுக்காது. முந்தும்போது அவள் கத்துவாள். கத்தினால் அத்தை எடுப்பாள். ஒரே லைனில் குறுக்கே எடுத்தால் மோடத்தின் பேச்சு குழம்பி இணைப்பு அறும்.

"அத்த, கீழ வாங்க. எனக்குப் பக்கத்துல ஒக்காருங்க. ஒரே ஒரு ஆட்டம்."

"அடுப்புல..."

"என் வாழ்க்கை அத்த. வாங்க."

அத்தைக்கு நாற்காலி போட்டாள். இப்போது மிஷின் மேலும் பழி இல்லை, அத்தை மேலும் இல்லை. இனி அறுந்தால் அது அவன் கைதான்.

கார்கள் கிளம்பின. செல்லக்கனி துப்பட்டா நுனியை வாயில் திணித்துக் கடித்துக்கொண்டாள். நீலக் கார் இடம் வலமாக மறித்தது.

"எது நீ?" அத்தை கிசுகிசுத்தாள்.

"செவப்பு."

"அவன் ஏன் குறுக்க வருதான்? மரியாத இல்லாம! தள்ளுட்டி அவன!"

கடைசி வளைவு வந்தது. சிவப்பு வெளிப்பக்கம் நுழைந்தது, ஒட்டியது, மூக்கை நீட்டியது. இந்த இடத்தில்தான் எப்போதும் அறும். துப்பட்டாவை இன்னும் இறுக்கிக் கடித்தாள். சிவப்பு முந்தியது. திரை கறுக்கவில்லை. நீலம் பின்னாலேயே விரட்டியது. விட்டுக்கொடுக்கவும் இல்லை, ஓடிப்போகவும் இல்லை. கடைசிவரை மூச்சுப் பிடித்து வந்து, கோட்டுக்கு முன்னால் ஓரச் சுவரில் முட்டி உருண்டது.

சிவப்பு கோட்டைத் தாண்டியது.

திரையின் அடியில் எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன. "தோத்துட்டேன். நல்லா ஓட்டுனீங்க. இன்னொண்ணு?"

"என்ன எழுதிருக்கான்?"

"தோத்துட்டேங்காரு அத்த."

"ஆம்பள, அவனே சொல்லுதானா?" அத்தை திரையை உற்றுப் பார்த்தாள்.

ஸ்கூட்டர் வந்து நின்றது. அப்பா வாசலில் செருப்பை விட்டார். "என்னம்மா, என்ன சொல்ல?"

"வரச் சொல்லுங்கப்பா."

அவர் சட்டைப் பையிலிருந்து போன் சாவியை எடுத்தார். "கைகால் கழுவிட்டுப் பேசிருதேன்" என்று மாடிக்குப் போனார்.

இன்னொரு ஆட்டம் ஏற்கனவே ஆரம்பித்துவிட்டது. இந்தத் தடவை நீலம்தான் ஜோராக வந்தது. கடைசி வளைவில் உள்பக்கமாக நுழைந்து முந்தியது. "விடாதட்டி, விடாத!" என்று அத்தை தொடையில் தட்டினாள்.

திரை கறுத்தது.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். மேலே அப்பா பூட்டைத் திறந்து ரிசீவரை எடுத்திருந்தார். டயல் சுற்றும் சத்தம் கேட்டது.

"அடப் பாவமே," என்றாள் அத்தை, "அவன் முந்துத நேரமாப் பாத்து நீ புடுங்கிட்டன்னுல்ல நெனப்பான்?"

"நெனைக்கட்டும்" என்று செல்லக்கனி துப்பட்டாவை உதறினாள். "ஞாயித்துக்கிழமை நேர்ல வந்து கேக்கட்டும்."

மேலே அப்பாவின் குரல் வீடு அதிரக் கேட்டது. "அலோ! சம்பந்தி!"